கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு? வெக்டர் கணக்கைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இயக்கவியல் பாடத்துக்கு வந்ததும் பலருக்கு முதல் தடுமாற்றம், அளவோடு திசையும் சேர்ந்த வெக்டரில்தான். பத்தாம் வகுப்பு வரை மூன்றும் நான்கும் ஏழு. இங்கே வந்தால் ஐந்து என்கிறார்கள், சில சமயம் ஒன்று என்கிறார்கள், ஏழும் சரிதான் என்கிறார்கள். குழம்பத்தான் செய்யும். ஆனால் கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. நம் பக்கத்துக் கிராமங்களில் வழி கேட்டால் இடது வலது என்று சொல்வதைவிட, "தெக்கால போயி மேக்கால திரும்புங்க" என்று சொல்பவர்கள்தான் அதிகம். தோட்டத்து வரப்பையும் கிழபுறம், வடபுறம் என்றுதான் அடையாளம் காட்டுவோம். வெக்டர் கணக்கு கேட்பதும் இதையேதான்: கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு?

கட்டம் போட்ட நோட்டு ஒன்று, ஸ்கேல், கோணமானி, வரைபடம் திறக்கும் கைபேசி இவை இருந்தால் போதும். சைன், காஸ், டேன் பத்தாம் வகுப்பு அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறந்திருந்தால் அரை மணி நேரம் அதைப் புரட்டிவிட்டு வாருங்கள். அது இல்லாமல் நான்காம் படிக்கு மேல் நகர முடியாது.

படி 1: எது எந்த வகை

ஓர் அளவை எண்ணும் அலகும் சேர்த்துச் சொன்ன பிறகு "எந்தப் பக்கம்?" என்ற கேள்வி பாக்கி நிற்கிறதா என்று பாருங்கள். ஈரோட்டு மண்டியில் ஒரு மஞ்சள் மூட்டை 50 கிலோ என்றால் விஷயம் முடிந்தது. 5 ஹெச்.பி. மோட்டார், 28 டிகிரி வெப்பநிலை, 40 நிமிடம், 3 யூனிட் கரண்ட், இவற்றில் எதற்கும் "எந்தப் பக்கம்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். இவை ஸ்கேலர். காற்று 30 கி.மீ. வேகத்தில் அடிக்கிறது என்றால் எங்கிருந்து எங்கே என்ற கேள்வி உடனே வரும். ஒரு பொருளை 200 நியூட்டன் விசையால் தள்ளினேன் என்றாலும் அப்படித்தான். இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம், விசை, உந்தம் எல்லாம் வெக்டர்.

அந்த மஞ்சள் மூட்டையையே இன்னொரு முறை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ என்பது அதன் நிறை, ஸ்கேலர். பூமி அதைக் கீழே இழுக்கும் விசை 50 × 9.8 = 490 நியூட்டன். அதுதான் இயற்பியலில் எடை, திசை கீழ்நோக்கி, எனவே வெக்டர். கடைப் பேச்சில் இரண்டையும் எடை என்றே சொல்லிக்கொள்ளலாம், விடைத்தாளில் மட்டும் வேண்டாம்.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். "அளவும் திசையும் இருந்தால் வெக்டர்" என்று மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். என் கருத்தில் அந்த வரையறை பாதிதான். மீதிப் பாதி எப்படிக் கூட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

மின்னோட்டத்தைப் பாருங்கள். கம்பியில் அது ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது, அம்புக்குறியும் போடுகிறோம். அப்படியானால் வெக்டரா? இல்லை. ஒரு சந்திப்பில் 3 ஆம்பியர் ஒரு கம்பியிலும் 4 ஆம்பியர் இன்னொரு கம்பியிலும் வந்து சேர்ந்தால் வெளியே போவது 7 ஆம்பியர். அந்த இரண்டு கம்பிகளையும் நேராக வையுங்கள், செங்குத்தாக வையுங்கள், எப்படி வளைத்தாலும் 7 தான். வெக்டராக இருந்தால் கோணம் மாறும்போது விடையும் மாறியிருக்க வேண்டும். ஆகவே மின்னோட்டம் ஸ்கேலர்.

இன்னொன்றை நீங்களே செய்து பார்க்கலாம். இயற்பியல் புத்தகத்தை மேசைமேல் படிக்கும் வாக்கில் வையுங்கள். முதலில் உங்களுக்கு அப்பால் எந்த விளிம்பு இருக்கிறதோ அதைத் தூக்கி 90 டிகிரி திருப்பி நிமிர்த்துங்கள், பிறகு மேசைமேல் இருந்தபடியே கடிகார முள் சுற்றும் பக்கமாக 90 டிகிரி திருப்புங்கள். புத்தகம் எப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது பழைய இடத்தில் வைத்து, அதே இரண்டு திருப்பலையும் வரிசை மாற்றிச் செய்யுங்கள். புத்தகம் வேறு மாதிரி நிற்கும். இந்தத் திருப்பலுக்கு அளவு உண்டு (90 டிகிரி), திசையும் உண்டு (எந்த அச்சைச் சுற்றி என்பது), ஆனாலும் அது வெக்டர் அல்ல. ஏனென்றால் வெக்டர்களை எந்த வரிசையில் கூட்டினாலும் ஒரே விடை வர வேண்டும். 40 மீட்டர் கிழக்கே போய் 30 மீட்டர் வடக்கே போனாலும், முதலில் வடக்கே போய்ப் பிறகு கிழக்கே போனாலும் ஒரே மரத்தடியில்தான் நிற்பீர்கள்.

இரண்டு சில்லறைக் குழப்பங்களையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கழித்தல் குறி இருந்தால் வெக்டர் என்று நினைக்கக் கூடாது. −10 டிகிரி வெப்பநிலையில் அந்தக் குறி சுழியத்துக்குக் கீழே என்று சொல்கிறது, தெற்கே என்று அல்ல. அடுத்தது அழுத்தம். போர் குழாயின் அடியில் தண்ணீர் ஒரே ஆழத்தில் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்துகிறது. ஒரு சுவரையோ மூடியையோ அங்கே வைத்த பிறகுதான் அதன்மேல் விழும் விசைக்குத் திசை வருகிறது. அழுத்தம் ஸ்கேலர், விசை வெக்டர்.

படி 2: தூரத்தையும் இடப்பெயர்ச்சியையும் தனித்தனியாக எழுதப் பழகுங்கள்

காலிங்கராயன் வாய்க்கால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானிக்கு அருகே பவானி ஆற்றில் பிரிந்து, ஈரோடு வழியாகக் கொடுமுடிப் பக்கம் நொய்யலில் போய்ச் சேர்கிறது. வாய்க்காலின் நீளம் ஏறத்தாழ 90 கி.மீ. தொடக்கத்தையும் முடிவையும் வரைபடத்தில் நேர்க்கோட்டால் இணைத்தால் 50 கி.மீ.கூட வராது. நில மட்டம் மெல்ல மெல்லத் தாழும் வழியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்ததால் அவ்வளவு வளைவு. தண்ணீர் கடந்த 90 கி.மீ. தூரம், ஸ்கேலர். தொடக்கத்திலிருந்து முடிவு வரை போட்ட நேர் அம்பு இடப்பெயர்ச்சி, வெக்டர். அதன் திசை தென்கிழக்கு.

கோவையிலிருந்து ஈரோட்டுக்கு ரயில் பாதை சுமார் 100 கி.மீ. நேர்க்கோட்டில் சுமார் 90 கி.மீ. காலையில் போய் மாலையில் திரும்பி அதே நடைமேடையில் இறங்கினால் தூரம் 200, இடப்பெயர்ச்சி சுழியம். பயணச்சீட்டுக்குக் காசு வாங்குவது தூரத்துக்குத்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம், இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் திசைவேகம். வேகம் மாறாமலே திசைவேகம் மாறலாம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் சீராகச் சுற்றும்போது பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு மாவின் வேகம் மாறுவதே இல்லை, ஆனால் அதன் திசை கணத்துக்குக் கணம் திரும்புகிறது. திசைவேகம் மாறுகிறது என்றால் அங்கே முடுக்கம் இருக்கிறது. அந்த முடுக்கத்தின் திசை பாத்திரத்தின் நடுவை நோக்கி.

படி 3: அம்பு வரையுங்கள்

வெக்டருக்கு ஓர் அம்பு. நீளம் அளவைக் காட்டும், முனை திசையைக் காட்டும். நோட்டில் 1 செ.மீ.க்கு 10 கி.மீ. என்று ஓர் அளவுகோலை முதலில் எழுதிவிட்டு வரையுங்கள். மேல்பக்கம் வடக்கு, வலப்பக்கம் கிழக்கு. நீளத்தையும் சாய்வையும் மாற்றாமல் அம்பைத் தாளில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம்.

காற்றில் மட்டும் கவனம். மேக்காத்து என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று, அம்பின் முனை கிழக்கே இருக்க வேண்டும். வானிலை அறிக்கையிலும் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையைத்தான் சொல்வார்கள். ஆற்றுக்கு அப்படியில்லை, எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. இந்த இடத்தில் அம்பைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் பிறகு எவ்வளவு சரியாகக் கூட்டினாலும் விடை தேறாது.

படி 4: அம்பை இரண்டாகப் பிரியுங்கள்

பாடத்தின் மையம் இதுதான். எந்த அம்பையும் "இவ்வளவு கிழக்கே, இவ்வளவு வடக்கே" என்று இரண்டு எண்ணாக எழுதிவிடலாம். இவற்றைக் கூறுகள் என்பார்கள். மேற்கே போனால் கிழக்குக்கு முன்னால் கழித்தல் குறி, தெற்கே போனால் வடக்குக்கு முன்னால் கழித்தல் குறி.

கைபேசி வரைபடத்தில் ஓர் ஊரின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. கோவைக்கு 11.02, 76.96. ஈரோட்டுக்கு 11.34, 77.72. அட்சரேகையில் ஒரு டிகிரி வடக்கே போனால் ஏறத்தாழ 111 கி.மீ. நம் பகுதியில் தீர்க்கரேகையில் ஒரு டிகிரி கிழக்கே போனால் ஏறத்தாழ 109 கி.மீ. அப்புறம் என்ன, கழித்துப் பெருக்க வேண்டியதுதான்.

வடக்கே: 0.32 × 111 = 36 கி.மீ.
கிழக்கே: 0.76 × 109 = 83 கி.மீ.

கோவையிலிருந்து ஈரோடு (83, 36). முதலில் கிழக்கு, பிறகு வடக்கு என்ற வரிசையை எப்போதும் மாற்றாதீர்கள். இதே முறையில் பொள்ளாச்சி (10.66, 77.01) கோவையிலிருந்து (5, −40). தாராபுரம் (10.74, 77.53) கோவையிலிருந்து (62, −31).

படி 5: கூட்டுங்கள்

கோவையில் கிளம்பி பொள்ளாச்சி, அங்கிருந்து தாராபுரம், அங்கிருந்து ஈரோடு போகிறோம் என்று வையுங்கள். மூன்று அம்புகள்:

கோவை – பொள்ளாச்சி: (5, −40)
பொள்ளாச்சி – தாராபுரம்: (57, 9)
தாராபுரம் – ஈரோடு: (21, 67)

இரண்டாவது வரி எப்படி வந்தது? 62-இலிருந்து 5 போக 57. −31-இலிருந்து −40 போக 9. போய்ச் சேரும் ஊரின் எண்ணிலிருந்து கிளம்பிய ஊரின் எண்ணைக் கழிக்கிறோம், அவ்வளவுதான்.

கிழக்கு எண்களை மட்டும் தனியே கூட்டுங்கள்: 5 + 57 + 21 = 83. வடக்கு எண்களைத் தனியே: −40 + 9 + 67 = 36. நேராகப் போனபோது வந்த அதே (83, 36). தாளில் அம்பின் முனையில் அடுத்த அம்பின் வாலை வைத்து வரைந்தாலும் ஈரோட்டில்தான் போய் முடியும். பாடப்புத்தகத்தின் முக்கோண விதியும் இணைகர விதியும் இதையேதான் படமாகச் சொல்கின்றன. தேர்வில் அவற்றின் நிரூபணம் கேட்பார்கள், படித்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும்போது எனக்கு எப்போதும் இந்த இரண்டு வரிசைக் கூட்டல்தான் பிடிக்கும். மூன்று அம்பானாலும் முப்பது அம்பானாலும் வேலை ஒன்றுதான்.

இனி இந்த இரண்டு எண்ணிலிருந்து ஒரே அம்புக்குத் திரும்ப வேண்டும். நீளத்துக்குப் பிதாகரஸ்: 83² + 36² = 8185, வர்க்கமூலம் சுமார் 90 கி.மீ. கோணத்துக்கு டேன்: 36 ÷ 83 = 0.434. டேன் 0.434 ஆக இருக்கும் கோணம் ஏறத்தாழ 23 டிகிரி. ஆகவே கோவையிலிருந்து ஈரோடு 90 கி.மீ., கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி 23 டிகிரி. சுற்றிப்போன மூன்று நேர்க்கோடுகளின் நீளம் மட்டும் கூட்டினால் 40 + 58 + 70 = 168 கி.மீ.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஈரோட்டிலிருந்து கோவைக்குத் திரும்பும் அம்பு (−83, −36). கால்குலேட்டரில் −36 ÷ −83 போட்டால் அதே 0.434, அதே 23 டிகிரி. கால்குலேட்டரைக் கேட்டால் திரும்பி வரும்போதும் ஈரோட்டுக்கு அப்பால் சங்ககிரிப் பக்கம் அனுப்பிவிடும். குறிகளைப் பார்த்து எந்தக் கால்பகுதி என்று முடிவுசெய்வது உங்கள் வேலை. இரண்டும் கழித்தல் என்றால் தென்மேற்கு. கோணம் கண்டுபிடிக்கும் முன் தோராயமாக ஒரு படம் போட்டுவிட்டால் இந்தத் தவறு வராது.

கூட்டலில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 3-ம் 4-ம் ஒரே திசையில் இருந்தால் 7, எதிரெதிர் திசையில் 1, செங்குத்தாக 5. இடையில் உள்ள கோணங்களுக்கு 1-க்கும் 7-க்கும் இடையே எதுவும் வரலாம். அவிநாசித் தேரை இரண்டு வடம் பிடித்து இழுக்கிறார்கள். இரண்டிலும் ஒரே அளவு விசை. வடங்கள் இணையாக இருந்தால் மொத்த இழுப்பு ஒரு வடத்தின் 2 மடங்கு. இடையில் 60 டிகிரி விரிந்தால் 1.73 மடங்கு. 120 டிகிரி விரிந்தால் வெறும் 1 மடங்கு: இரண்டு வடத்தில் ஆட்கள் இழுத்தும் ஒரு வடத்தின் வேலைதான் நடக்கிறது. மீதி விசை பக்கவாட்டில் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது.

படி 6: கோணம் கொடுத்தால் கூறு காண்பது

கணக்கில் பெரும்பாலும் ஊர்ப் புள்ளி தர மாட்டார்கள். அளவும் கோணமும்தான் தருவார்கள். அப்போது, அம்பு எந்த அச்சோடு கோணத்தை உண்டாக்குகிறதோ அந்த அச்சுக்கு காஸ், மற்ற அச்சுக்கு சைன். "கிடைக்கு எப்போதும் காஸ்" என்று மனப்பாடம் செய்யாதீர்கள். கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து கொடுத்தால் கவிழ்ந்துவிடும்.

பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஓடுபாதையின் பெயர் 05/23. வடக்கிலிருந்து வலமாக அளந்த கோணத்தைப் பத்தால் வகுத்து வைத்த எண்கள் இவை. ஒரு முனையிலிருந்து ஓடினால் விமானத்தின் மூக்கு சுமார் 50 டிகிரி, அதாவது வடகிழக்கு; எதிர்முனையிலிருந்து 230 டிகிரி, தென்மேற்கு. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேக்காத்து வருகிறது. சரி மேற்கு, 270 டிகிரியிலிருந்து, மணிக்கு 30 கி.மீ. என்று வைப்போம். விமானங்கள் எதிர்க்காற்றில் இறங்குவதையே விரும்பும், எனவே 230 திசையில் இறங்குகிறது. காற்றுக்கும் ஓடுபாதைக்கும் இடைப்பட்ட கோணம் 40 டிகிரி.

எதிர்க்காற்று: 30 × காஸ் 40° = 30 × 0.77 = 23 கி.மீ.
பக்கக்காற்று: 30 × சைன் 40° = 30 × 0.64 = 19 கி.மீ.

23-ம் 19-ம் கூட்டினால் 42 வருகிறதே, காற்று 30 தானே என்று கேட்கலாம். வர்க்கப்படுத்திக் கூட்டிப் பாருங்கள், 30-இன் வர்க்கத்துக்குப் பக்கத்தில் வரும். எதிர்க்காற்று விமானத்தின் வேகத்தைத் தணிக்க உதவுகிறது, பக்கக்காற்று வலப்பக்கமிருந்து தள்ளுகிறது. விமானிக்கு 30 என்ற ஒற்றை எண்ணைவிட இந்த இரண்டும்தான் தேவை.

அச்சுகள் கிழக்கு வடக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதும் இதிலேயே வந்துவிட்டது. ஓடுபாதையையே ஓர் அச்சாக வைத்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலுக்கும் அப்படித்தான். 46 கி.மீ. பாதையில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2203 மீட்டருக்கு ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மிகச் செங்குத்தான இடங்களில் சாய்வு ஏறத்தாழ 12-க்கு 1. அதாவது 12 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏற்றம். சாய்கோணம் 5 டிகிரிகூட இல்லை. தண்டவாளத்தையே ஓர் அச்சாகவும், அதற்குச் செங்குத்தை இன்னொரு அச்சாகவும் வையுங்கள். 12 டன் பெட்டி ஒன்றின் எடை 12,000 × 9.8 = 1,17,600 நியூட்டன், நேர் கீழ்நோக்கி. அதில் சரிவுவழியே பின்னோக்கி இழுக்கும் கூறு 12-இல் ஒரு பங்கு, 9,800 நியூட்டன். தண்டவாளத்தை அழுத்தும் கூறோ காஸ் 5° கிட்டத்தட்ட 1 என்பதால் ஏறக்குறைய முழு எடையும்.

தட்டையான தரையில் சுழியமாக இருந்த பின்னிழுப்பு, கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஓர் ஏற்றத்தில் ஒரு பெட்டிக்கு 9,800 நியூட்டன் ஆகிவிடுகிறது. எஃகுச் சக்கரமும் எஃகுத் தண்டவாளமும் வழுக்கும் பண்டங்கள். அதனால்தான் அந்தப் பகுதியில் நடுவே பல்தண்டவாளம் போட்டு, இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது.

தேர்வறைக்காகச் சில மதிப்புகள்: 30, 45, 60 டிகிரிக்கு சைனும் காஸும் தெரிந்திருக்கும். கூடவே 37 டிகிரியையும் வைத்துக்கொள்ளுங்கள், சைன் 0.6, காஸ் 0.8. அதன் மறுபக்கம் 53 டிகிரி. 3, 4, 5 முக்கோணம் வரும் கணக்கெல்லாம் இதில் அடங்கும். கால்குலேட்டர் வைத்துப் பழகுபவர்கள் அது டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 7: கழித்தலும் சார்புத் திசைவேகமும்

வெக்டரைக் கழிப்பது என்றால் அதன் அம்பைத் தலைகீழாகத் திருப்பிக் கூட்டுவது. கூறுகளில் வெறும் கழித்தல்.

உடுமலையிலிருந்து பல்லடம் ஏறக்குறைய நேர் வடக்கு. வழியெல்லாம் காற்றாலை நிற்கும் நாடு. ஆடி மாதம், மேக்காத்து 30 கி.மீ., உங்கள் வண்டி வடக்கே 40 கி.மீ. முகத்தில் படும் காற்று எவ்வளவு, எங்கிருந்து?

காற்று: (30, 0)
வண்டி: (0, 40)
வண்டியில் இருப்பவருக்குத் தெரியும் காற்று: (30, 0) − (0, 40) = (30, −40)

அளவு 50 கி.மீ. அம்பு தென்கிழக்குப் பக்கம் போகிறது, அதாவது காற்று வடமேற்குப் பக்கமிருந்து, முன்னும் இடமுமாக அடிக்கிறது. நேர் முன்னிலிருந்து இடப்பக்கம் 37 டிகிரி. வண்டியை நிறுத்தினால் அதே காற்று நேர் இடப்பக்கமிருந்து 30-இல் வரும். திரும்பித் தெற்கே வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், அளவு மாறாது, பக்கம் மாறும்.

பரிசலில் ஆற்றைக் கடப்பதும் இந்தக் குடும்பம்தான், அங்கே கூட்டல். ஆறு தெற்கே 3 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, பரிசல்காரர் கிழக்கே 4 கி.மீ. வேகத்தில் துடுப்புப் போடுகிறார், அகலம் 200 மீட்டர் என்று வையுங்கள். சேர்ந்த திசைவேகம் (4, −3), அளவு 5. எதிர்க்கரை சேர எவ்வளவு நேரம்? பலர் 5-ஐ எடுத்து 200 மீட்டரை வகுத்துவிடுவார்கள். தவறு. அகலத்தைக் கடப்பது கிழக்குக் கூறு மட்டுமே. 200 மீட்டரை 4 கி.மீ. வேகத்தில் கடக்க 3 நிமிடம். ஆறு ஓடினாலும் நின்றாலும் அதே 3 நிமிடம்தான். அந்த 3 நிமிடத்தில் ஆறு பரிசலை 150 மீட்டர் கீழே கொண்டுபோய்விடும்.

நேர் எதிரே இறங்க வேண்டுமென்றால் வடக்கே சாய்த்துத் துடுப்புப் போட வேண்டும். அவருடைய 4 கி.மீ.யில் வடக்குக் கூறு 3 ஆனால் ஆற்றோடு சரிக்குச் சரி. சைன் மதிப்பு 3 ÷ 4, கோணம் 49 டிகிரிக்கு அருகில். மிஞ்சும் கிழக்குக் கூறு √(16 − 9) = 2.65 கி.மீ. கடக்க நான்கரை நிமிடம். ஆற்றின் வேகம் 4-ஐத் தாண்டிவிட்டால் எந்தக் கோணத்திலும் நேர் எதிரே இறங்க முடியாது.

படி 8: பெருக்கல், சுருக்கமாக

இரண்டு வெக்டரைப் பெருக்குவதில் இரண்டு வகை. ஒன்றில் விடை ஸ்கேலர், இன்னொன்றில் விடை வெக்டர். இப்போதைக்கு எப்போது எது என்று தெரிந்தால் போதும், விரிவு பின்னால் வேலை, திருப்புவிசைப் பாடங்களில் தானாக வரும்.

புள்ளிப் பெருக்கல்: இரண்டின் அளவையும் இடைக்கோணத்தின் காஸையும் பெருக்குவது. வேலை இப்படித்தான் கிடைக்கிறது. பொள்ளாச்சி உலர்களத்தில் கொப்பரை மூட்டையைக் கயிறு கட்டி 200 நியூட்டன் விசையால் 10 மீட்டர் இழுக்கிறார்கள். கயிறு தரையோடு 60 டிகிரி என்றால் செய்த வேலை 200 × 10 × 0.5 = 1000 ஜூல். தரைக்கு இணையாக இழுத்திருந்தால் 2000.

குறுக்குப் பெருக்கல்: அளவுகளோடு இடைக்கோணத்தின் சைனைப் பெருக்குவது. 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் செங்குத்தாக 100 நியூட்டன் கொடுத்தால் திருப்புவிசை 0.3 × 100 = 30 நியூட்டன் மீட்டர். ஸ்பேனரோடு 30 டிகிரி கோணத்தில் இழுத்தால் பாதி, 15. அதன் திசை வலக்கை விதிப்படி: விரல்கள் சுற்றும் பக்கம் மடங்கினால் கட்டைவிரல் காட்டுவது. சாதாரண மரையாணியை இறுக்கும்போது கட்டைவிரல் ஆணி உள்ளே போகும் பக்கத்தையே காட்டும். லேத் பட்டறையில் நிற்பவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். வேலைக்கும் திருப்புவிசைக்கும் அலகு நியூட்டன் மீட்டர்தான். ஆனாலும் வேலையை மட்டும் ஜூல் என்று எழுதுவார்கள், திருப்புவிசையை ஒருபோதும் அப்படி எழுதுவதில்லை.

போட்டுப் பார்க்க ஒன்று

சத்தியமங்கலம் 11.50, 77.24. கோவையிலிருந்து அதன் கூறுகளைக் கண்டுபிடியுங்கள். பிறகு மேலே உள்ள ஈரோட்டு எண்களைக்கொண்டு சத்தியமங்கலத்திலிருந்து ஈரோட்டுக்கு நேர் அம்பு எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் என்று பாருங்கள். விடை: கோவையிலிருந்து சத்தி (31, 53), சத்தியிலிருந்து ஈரோடு (52, −17), நீளம் சுமார் 55 கி.மீ.; கிழக்கிலிருந்து தெற்கு நோக்கி சுமார் 18 டிகிரி. வடக்கு நோக்கி என்று வந்திருந்தால் கழித்தல் குறியை எங்கே விட்டீர்கள் என்று ஐந்தாம் படியில் தேடுங்கள்.